ஒரே அச்சுப் படகு, ஜெயிப்பது ஆள்தான்! 2 தமிழர்களை ஒலிம்பிக்கில் ஏற்றிய "லேசர்" கதை

சிவகிரி:-

எஞ்சின் கிடையாது. துடுப்பு கிடையாது. டீசல் செலவு ஒரு பைசா கிடையாது. ஏறுவது ஒரே ஒரு ஆள். இழுத்துக்கொண்டு போவது காற்று.

இப்படிப்பட்ட 14 அடிப் படகு ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்த இருவரை அடுத்தடுத்து 2 ஒலிம்பிக் போட்டிகளுக்குக் கொண்டுபோய் இருக்கிறது. ஒருவர் சென்னைப் பெண் நேத்ரா குமணன். இன்னொருவர் வேலூர்க்காரர், ராணுவ வீரர் விஷ்ணு சரவணன்.

படகின் பெயர் "லேசர்". இப்போது "இல்கா" என்கிறார்கள். பெயர் மாறியதற்குப் பின்னால் கம்பெனித் தகராறு ஒன்று இருக்கிறது. கோர்ட்டு வழக்கும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

மேல்காற்று

"கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் வே?" என்று சிவகிரி கடைவீதி அண்ணாச்சிகள் கேட்கலாம். நியாயம்தான். தூத்துக்குடியில் போய்க் கடலைப் பார்க்க 100 கிலோ மீட்டருக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து இருக்கவேண்டும்.

ஆனால் காற்றைப் பற்றி நம் ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியது இல்லை. ஆனி பிறந்துவிட்டால் மலைக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து விளாசும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும். இங்கே கடை முன்னால் கட்டிய படுதாவைப் பிய்த்துக்கொண்டு போகும். மேற்கே சைக்கிளில் போகிறவன் எழுந்து நின்று மிதிப்பான். கிழக்கே போகிறவன் மிதிக்காமலே போய்ச் சேருவான். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்ததும் இந்தக் காற்றை நம்பித்தான்.

மேற்கே மிதிக்கும் அந்த சைக்கிள்காரர் படும் பாடுதான் பாய்ப்படகுப் போட்டியின் உயிர்.

காற்றுக்கு எதிரே பாய்ப்படகு நேராகப் போகாது. என்ன தலைகீழாக நின்றாலும் போகாது. சுமார் 45 டிகிரி சாய்வாக வலது பக்கம் கொஞ்ச தூரம் போய், திரும்பி, இடது பக்கம் கொஞ்ச தூரம் போய், மறுபடி திரும்பி... மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவதுபோல ஏறவேண்டும்.

முதலில் எந்தப் பக்கம் போவது? எப்போது திருப்புவது? காற்று கொஞ்சம் தெற்கே ஒதுங்கப்போகிறதா, வடக்கே ஒதுங்கப்போகிறதா? தண்ணீரில் விழும் கறுப்புச் சுருக்கங்களைப் பார்த்தே சொல்லிவிடுகிறான் கெட்டிக்காரன். மற்றவன் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறான்.

முத்திரைத் தராசு

படகின் உடல் எடை 59 கிலோ. பைபர் கிளாசில் செய்தது. இரண்டு பேர் தூக்கிவிடலாம். அகலம் நாலரை அடி. பாய்மரம் இரண்டு துண்டு. ஒன்றில் ஒன்றைச் சொருகி நிறுத்திவிடலாம். பாய் ஒன்றே ஒன்று. பின்னால் ஒரு சுக்கான். நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் ஒரு பலகை. அவ்வளவுதான் படகு.

இதில் விசேஷம் என்ன?

கடைக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஊரில் எத்தனை கடை இருந்தாலும் முத்திரை குத்திய எடைக்கல் ஒரே எடைதான். அதுபோல உலகத்தில் எந்த மூலையில் செய்தாலும் லேசர் படகு ஒரே அச்சு, ஒரே அளவு. நீளத்தைக் கொஞ்சம் கூட்டுகிறேன், எடையைக் கொஞ்சம் குறைக்கிறேன் என்ற பேச்சே கிடையாது. "செய்யலாம் என்று விதியில் எழுதாத எதையும் செய்யக்கூடாது" என்பதுதான் சங்கத்தின் சட்டம்.

ஒலிம்பிக்கில் இன்னும் கண்டிப்பு. சொந்தப் படகைக் கொண்டுபோக முடியாது. போட்டி நடத்துகிறவர்களே புதுப் படகு கொடுப்பார்கள். கோடீசுவரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே படகுதான், சிப்பாய்க்கும் அதே படகுதான்.

தோற்றவன் படகு மேல் பழி போட முடியாது. ஓட்டியவன் மேல்தான் போடவேண்டும்.

ஒரே உடலுக்கு 3 அளவுப் பாய்கள் உண்டு. ஆண்களுக்கு 7.06 சதுர மீட்டர் பாய். அது "இல்கா 7". பெண்களுக்கு 5.76 சதுர மீட்டர். அது "இல்கா 6". சின்னப் பிள்ளைகளுக்கு 4.7 சதுர மீட்டர். அது "இல்கா 4". எடை கூடிய ஆளுக்குப் பெரிய பாய், எடை குறைந்த ஆளுக்குச் சின்னப் பாய். மகள் வளர வளரப் பாயையும் பாய்மரத்தின் கீழ்த் துண்டையும் மாற்றினால் போதும், படகை மாற்ற வேண்டாம்.

உடம்பே எடைக்கல்

காற்று அடித்தால் படகு ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் வேகம் போய்விடும். சாயாமல் பிடிப்பது எப்படி?

ஓட்டுகிறவர் படகின் நடுவில் இருக்கும் பட்டையில் பாதங்களை மாட்டிக்கொள்கிறார். இடுப்புக்கு மேலே உடம்பு முழுவதையும் படகுக்கு வெளியே கிடத்துகிறார். முதுகுக்குக் கீழே கடல். ஒரு கையில் பாயின் கயிறு. மறு கையில் சுக்கான் பிடி. முகத்தில் உப்புத் தண்ணீர். இந்த நிலையில் ஒரு ரேஸ் சுமார் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு 2 ரேஸ் கூட இருக்கும். தொடை எரியும், வயிறு இழுக்கும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதைக் கேலி செய்கிறவர்கள் திண்ணை ஓரத்தில் அப்படி 5 நிமிடம் தொங்கிப் பார்க்கட்டும்.

படகு கவிழ்வது சகஜம். கவிழ்ந்தால் அந்த நடுப்பலகை மேல் ஏறி நின்று, எடை கொடுத்து நிமிர்த்தி, தொற்றி ஏறி மறுபடி ஓட்டவேண்டியதுதான்.

மார்க்குக் கணக்கும் வேடிக்கை. முதலில் வந்தவருக்கு 1 புள்ளி. இரண்டாவது வந்தவருக்கு 2. இருபதாவது வந்தவருக்கு 20. கடைசியில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவருக்குத் தங்கம். பள்ளிக்கூடத்தில் இப்படி மார்க் போட்டால் எத்தனை பிள்ளைகள் சந்தோஷப்படும்!

டெலிபோனில் பிறந்த படகு

இந்தப் படகை வரைந்தவர் ஒரு பத்திரிகைக்காரர்!

பெயர் புரூஸ் கிர்பி. கனடாக்காரர். தினசரிப் பத்திரிகைகளில் நிருபராக வேலை பார்த்தவர். பிறகு படகுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் ஆனார். சும்மா எழுதுகிறவர் இல்லை. 1956, 1964, 1968 ஆகிய 3 ஒலிம்பிக்கில் கனடாவுக்காகப் படகு ஓட்டியவர்.

1969-ம் ஆண்டு அவருடைய நண்பர் இயான் புரூஸ் என்பவரிடம் இருந்து போன் வந்தது. கடை ஒன்றுக்கு மலிவான சின்னப் படகு வேண்டும், கார் கூரையில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கவேண்டும் என்றார். பேசிக்கொண்டே கிர்பி மஞ்சள் காகிதத்தில் பென்சிலால் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல்தான் படகு.

கடைக்காரர்கள் கடைசியில் "வேண்டாம்" என்றுவிட்டார்கள். படம் மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

மறு ஆண்டு, 1970-ல், அமெரிக்காவில் மலிவு விலைப் படகுகளுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். படம் வெளியே வந்தது. இயான் புரூஸ் படகைச் செய்தார். பாய் தைத்தவர் ஹான்ஸ் போக். டென்மார்க்கில் பிறந்து கனடாவில் குடியேறியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய வீரர். படகு தன் பிரிவில் ஜெயித்தது.

1971-ம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தது. விலை 695 டாலர். அன்றைக்கு டாலருக்கு ஏழரை ரூபாய். நம் கணக்கில் சுமார் 5,200 ரூபாய். "லேசர்" என்பது அப்போது புதுமையான, கவர்ச்சியான சொல். அதையே பெயராக வைத்தார்கள்.

பத்திரிகைகளுக்கும் படகுக்கும் ஏதோ ராசி இருக்கத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் 1956-ல் "எண்டர்பிரைஸ்" என்ற நீலப் பாய்ப் படகை நாட்டுக்கு அறிமுகம் செய்ததே "நியூஸ் கிரானிக்கிள்" என்ற தினசரிதான். 1963-ல் "டெய்லி மிர்ரர்" பத்திரிகை தன் பெயரிலேயே "மிர்ரர்" படகைக் கொண்டுவந்தது. சிவப்புப் பாய். விலை 63 பவுன் 11 ஷில்லிங். பலகைகளை வாங்கி வீட்டிலேயே தைத்து ஒட்டிச் செய்துகொள்ளலாம். பத்திரிகை படிக்கிற ஆபீஸ் குமாஸ்தாவும் படகு ஓட்டட்டும் என்பது அவர்கள் எண்ணம். அவை இரண்டும் ஒரே அளவுப் படகுகள்தான். ஆனால் லேசர் அளவுக்கு உலகத்தை வளைத்தவை அல்ல.

1974-ல் பெர்முடா தீவில் லேசருக்கு முதல் உலகப் போட்டி. அமெரிக்காவின் பீட்டர் கொமெட் ஜெயித்தார். இதுவரை 2 லட்சத்துக்கு மேல் லேசர் படகுகள் செய்தாகிவிட்டது.

கறுப்புக் கொடி

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் லேசர் முதல்முறையாக இடம்பெற்றது. ரேஸ் நடந்த இடம் சவன்னா கடல். அங்கேதான் நடந்தது அந்தக் கில்லாடித்தனம்.

கடைசி ரேஸ். பிரேசில் வீரர் ரோபர்ட் ஷைட் முன்னணியில் இருந்தார். அவரைத் துரத்தியவர் 19 வயது இங்கிலாந்து வாலிபர் பென் எய்ன்ஸ்லி. அந்த ரேசில் இருவருக்கும் புள்ளி கிடைக்காமல் போனால் தங்கம் ஷைட்டுக்கே.

கறுப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். அது ஏறிவிட்டால், குறித்த நேரத்துக்கு முன் கோட்டைத் தாண்டியவன் தொலைந்தான். மன்னிப்பே கிடையாது, நீக்கம்தான்.

ஷைட் துணிந்து முந்தித் தாண்டினார். "அவனை விடக்கூடாது" என்று எய்ன்ஸ்லியும் பின்னாலேயே பாய்ந்தார். இருவரும் நீக்கம்! தங்கம் பிரேசிலுக்கு. வாலிபருக்கு வெள்ளி.

4 ஆண்டு கழித்து 2000-ல் சிட்னி ஒலிம்பிக். அதே இருவர். அதே கடைசி ரேஸ். இந்தத் தடவை எய்ன்ஸ்லி ஜெயிக்க நினைக்கவில்லை. ஷைட்டைத் தோற்கடிக்க நினைத்தார். வித்தியாசம் இருக்கிறது.

ஷைட்டின் படகுக்கு முன்னால் தன் படகை நிறுத்தி, பாயால் காற்றை மறித்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை உயர்த்தினால் நம் ஜன்னலில் காற்று நின்றுபோகுமே, அதேபோல. ஷைட் திருப்பினால் இவரும் திருப்பினார். மற்றப் படகுகள் எல்லாம் போய்விட்டன. தப்பிக்கப் பார்த்த ஷைட்டின் படகு எய்ன்ஸ்லியின் படகில் மோதியது. புகார், விசாரணை எல்லாம் நடந்தது. ஷைட் நீக்கப்பட்டார். தங்கம் எய்ன்ஸ்லிக்கு.

பிரேசிலில் எய்ன்ஸ்லியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். ஆனால் விதிப்படி அவர் செய்ததில் குற்றம் இல்லை. ஷைட் சோர்ந்துவிடவில்லை. 2004 ஏதென்சில் மறுபடி லேசரில் தங்கம் வாங்கினார். எய்ன்ஸ்லி வேறு படகுக்கு மாறி மேலும் 3 தங்கம் சேர்த்தார்.

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் இந்தப் படகு வந்தது. 2012-ல் சைப்ரஸ் என்ற குட்டித் தீவு நாட்டுக்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் பதக்கம் கிடைத்தது லேசரில்தான். பாவ்லோஸ் கொண்டிடிஸ் என்பவர் வெள்ளி வாங்கினார். 2024-ல் அவரே இன்னொரு வெள்ளி. பெரிய நாடு, சின்ன நாடு என்று இந்தப் படகு பார்ப்பதில்லை.

பெயர் பறிபோனது

இனி அந்தத் தகராறு.

படகுகள் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்றால் சங்கத்தின் ஆட்கள் தொழிற்சாலைக்குள் போய்ச் சோதிக்க வேண்டும். படகு தயாரித்த ஒரு கம்பெனி சோதனைக்கு இடம் கொடுக்கவில்லை என்று 2019-ல் சங்கம் குற்றம் சாட்டியது. அந்தக் கம்பெனியின் அனுமதியை ரத்து செய்தது.

ஆனால் "லேசர்" என்ற பெயரின் வணிக உரிமை அந்தக் கம்பெனி கையில்! கடையைக் காலி செய்தாலும் போர்டை விடமாட்டேன் என்கிற கதை.

சங்கம் யோசித்தது. பெயரையே மாற்றிவிட்டது. சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "இல்கா". 50 ஆண்டு புழங்கிய பெயர் அதோடு போயிற்று. படகு மாறவில்லை. பழைய லேசரில் இருக்கும் பாயைப் புது இல்காவில் மாட்டலாம்.

கிர்பியும் ராயல்டி பாக்கி என்று 2013-லேயே அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். அது ஆண்டுக் கணக்கில் இழுத்தது. 2021 ஜூலையில் அவர் காலமானார். வயது 92. அவர் மறைந்த சில நாட்களில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் கிறுக்கிய படகு ஓடியது.

அதில் இரண்டை ஓட்டியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்.

நாலு பேரும் நம்மவர்

இந்தியாவுக்குப் பாய்ப்படகு புதிது அல்ல. 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் "எண்டர்பிரைஸ்" படகில் சோலி காண்டிராக்டர், பாசித் ஜோடி வெண்கலம் வாங்கியது. 1982 ஆசியப் போட்டியின் படகுப் பந்தயம் பம்பாயில் நடந்தது. அதில் "பயர்பால்" படகில் பரோக் தாராபூர், ஜரிர் கரஞ்சியா ஜோடி தங்கமே வாங்கியது.

அந்தக் காலத்தில் இந்த விளையாட்டு என்றாலே பம்பாய்தான். சென்னைத் துறைமுகத்தில் 1911-லேயே பாய்ப்படகு கிளப் தொடங்கியிருந்தார்கள். துறைமுகத் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது. ஆனால் ஒலிம்பிக் கனவு அங்கே பலிக்க 100 ஆண்டு பிடித்தது.

2009-ல் தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கம் நடத்திய கோடைக் கால முகாமில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி சேர்ந்தாள். பரதநாட்டியம், டென்னிஸ், சைக்கிள் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தவள். படகில் ஏறியவள் இறங்கவில்லை. அவர்தான் நேத்ரா குமணன்.

2021 ஏப்ரலில் ஓமன் நாட்டு முசன்னாவில் தகுதிப் போட்டி. நேத்ரா தேறினார். பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்! மறுநாள் விஷ்ணு சரவணனும் தேறினார். இரண்டு பேர் ஓட்டும் "49-இயர்" படகில் சென்னை வாலிபர்கள் கே.சி.கணபதியும் வருண் தக்கரும் தேறினார்கள்.

டோக்கியோவில் இந்தியாவுக்காகப் பாய்ப்படகு ஓட்டியவர்கள் மொத்தம் 4 பேர். நாலு பேரும் தமிழ்நாடு! கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் ஊர் ஊராக வெடி போட்டிருப்போம். இதற்கு டீக்கடையில் கூடப் பேச்சு இல்லை.

விஷ்ணுவின் தந்தையும் ராணுவத்தில் படகு ஓட்டியவர். 2019-ல் 21 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் விஷ்ணு வெண்கலம் வாங்கினார். 2023-ல் சீனாவில் ஹாங்சூ ஆசியப் போட்டியில் "இல்கா 7"-ல் வெண்கலம்.

டோக்கியோவில் விஷ்ணு 20-வது இடம், நேத்ரா 35-வது இடம். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் படகுப் போட்டி மார்சேய் கடலில் நடந்தது. அங்கே முதல் ரேசிலேயே நேத்ரா 6-வதாக வந்து அசத்தினார். விஷ்ணு 10-வது. காற்று கடைசி வரை கைகொடுக்கவில்லை. முடிவில் விஷ்ணு 18-வது இடம், நேத்ரா 21-வது இடம். 3 ஆண்டுக்குள் நேத்ரா 14 இடம் முன்னேறியிருக்கிறார். பதக்கம் இல்லையே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

பாய்க்குப் பணம்

அச்சு ஒன்றுதான். மடிப்பணம் ஒன்று அல்ல.

பாய்த் துணி காற்றில் அடிபட்டு அடிபட்டு வளைவு போய்விடும். வசதி உள்ளவர் போட்டிக்குப் போட்டி புதுப் பாய் மாட்டுவார். மற்றவர் பழைய பாயை இழுத்துக் கட்டி ஓட்டுவார். பயிற்சியாளர், அவருக்கு ஒரு எஞ்சின் படகு, ஐரோப்பாவுக்குப் போக வர டிக்கெட், தங்கும் செலவு. நேத்ரா ஸ்பெயின் நாட்டின் கிரான் கனாரியா தீவில் ஹங்கேரிப் பயிற்சியாளரிடம் பழகினார். நல்ல போட்டியாளர்கள் எல்லாம் அங்கேதான் கூடுகிறார்கள். விஷ்ணுவுக்குப் பின்னால் ராணுவம் நின்றது. மும்பையில் ராணுவத்துக்குத் தனிப் பயிற்சி மையமே இருக்கிறது. மத்திய அரசின் ஒலிம்பிக் உதவித் திட்டமும் இருவருக்கும் கிடைத்தது. உதவி இல்லாமல் இதில் ஊன்றி நிற்பது கஷ்டம்.

போபாலின் பெரிய குளம்

"அப்போ கடற்கரைக்காரனுக்குத்தான் கொடுப்பினை" என்று எண்ணவேண்டாம்.

மத்தியப் பிரதேசத்துக்குக் கடல் கிடையாது. நாலு பக்கமும் தரை. ஆனால் போபால் நகரில் போஜராஜன் காலத்து ஏரி ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் "படா தாலாப்" என்பார்கள். நம் தமிழில் "பெரிய குளம்". அங்கே அரசு பாய்ப்படகுப் பள்ளி நடத்துகிறது.

அந்தக் குளத்தில் பழகிய நேகா தாக்கூர், தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள், 17 வயதில் ஹாங்சூ ஆசியப் போட்டியில் "இல்கா 4" பிரிவில் வெள்ளி வாங்கினார். அவருக்கு முன்பே 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில், அப்போது "லேசர் 4.7" என்று பெயர் இருந்த அதே படகில், ஹர்ஷிதா தோமர் வெண்கலம் வாங்கினார். அவரும் அதே மாநிலம்தான். ஐதராபாத்தில் உசேன்சாகர் ஏரியிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு கற்றுக்கொடுக்கிறார்கள். லேசர் போட்டி அங்கே ஆண்டுதோறும் மழைக்கால வாக்கில் நடக்கிறது.

நம் பக்கத்துக் குளங்களில் ஒரு சிக்கல் உண்டு. மேல்காற்று பிய்த்து வாங்கும் ஆனி, ஆடியில் பல குளங்கள் கட்டாந்தரை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிரம்பும்போது அந்தக் காற்று இருக்காது. போபால் ஏரியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிறது. அது ஊருக்குக் குடிநீர் ஏரியும்கூட. கரையையும் வரத்துக் கால்வாயையும் காப்பாற்றிய பிறகுதான் அங்கே பாய் ஏறியது.

அடுத்த ஒலிம்பிக் 2028-ல் லாஸ் ஏஞ்சல்சில். போட்டிப் பட்டியலில் இல்கா 6, இல்கா 7 இரண்டும் இருக்கின்றன.